கழிவறைக் கதவில் ஒட்டிய தாள்

ஸ்கோக்ஸ்டாட் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறவர்கள் கழிவறைக்குப் போய்விட்டு வரும்போது முகத்தில் ஒரு கேள்வியோடுதான் வருவார்கள். உள்ளே, கதவில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வருகிற உயரத்தில், ஒரு விமானத்தின் பேனலை, ஓட்டுகிறவருக்கு எதிரே இருக்கும் கருவிப் பலகையை, அச்சு அசலாக அதே அளவில் தாளில் அச்சடித்து ஒட்டியிருக்கும். வேகம் காட்டும் முள், உயரம் காட்டும் முள், எண்ணெய் அழுத்தம், கீழே வரிசையாக சுவிட்சுகள், ஒன்று விடவில்லை. இது எதற்கு என்று கேட்டுவிட்டால் போச்சு. வீட்டுக்காரன் ஓர்லின் ஆதியோடந்தமாக விளக்க ஆரம்பித்துவிடுவான். கேட்டவருடைய உருளைக்கிழங்கு தட்டிலேயே ஆறிப்போகும்.

கழிவறையோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒன்று, கொட்டகையில் மூன்று, வண்டியில் வெயில் மறைப்புக்குப் பின்னால் மடித்துச் செருகியது ஒன்று. எல்லாம் ஒரே பேனல் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொன்றும் வேறு. மனுஷன் ஒவ்வொரு தாளுக்கும் மூலையில் பொடி எழுத்தில் நம்பர் போட்டு வைத்திருந்தான். அந்த வருஷம் ஏப்ரல் முடியும்போது நம்பர் பதினேழில் நின்றது.

விமானம் என்னவோ முடிந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் ஆறு குடும்பங்களுக்குப் பொதுவான புல் ஓடுபாதை, அதன் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள்ளே எட்டு வருஷமாக ஓர்லினும் அவன் மனைவி ஆர்டித்தும் அலுமினியத் தகட்டை வெட்டி, மடக்கி, பதினாலாயிரம் ரிவெட் ஆணி அடித்துக் கட்டிய விமானம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். இறக்கை மாட்டியாயிற்று. என்ஜின் ஏற்றியாயிற்று. மஞ்சள் பெயின்ட் அடித்து நம்பர்கூட எழுதியாயிற்று. கண்ணாடி மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தால்தான் மானம் போகும். பேனல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தகடு. அதில் ஒரு ஓட்டைகூடக் கிடையாது.

வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்கு வருகிற வியாதி இது. ரிவெட் அடிக்கும்போது வராது, பேனல் பக்கம் வந்ததும் பிடித்துக்கொள்ளும். ரிவெட்டை எங்கே அடிக்க வேண்டும் என்று வரைபடம் சொல்லிவிடும். பேனலில் எதை எங்கே வைப்பது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள், உன் இஷ்டம் என்று விட்டுவிடுவார்கள். ஓர்லின் மாதிரி ஆளிடம் உன் இஷ்டம் என்று சொன்னால் விளங்கினாற்போலத்தான். ஒவ்வொரு ஜூலையிலும் நாடு முழுக்க உள்ள விமானக்காரர்கள் எல்லாம் வந்து கூடுகிற பெரிய கூட்டத்துக்குப் போவான். முட்களுக்குப் பதிலாக எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டுகிற திரை ஒன்று புதிதாக வந்திருக்கும். போன வருஷத்துத் திரையைவிட இரண்டு இஞ்ச் பெரிது. வீட்டுக்கு வந்ததும் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக வரைவான். அது போதாது என்று மாதத்தில் ஒரு சனிக்கிழமை விமானம் கட்டுகிறவர்களின் கிளப்பில் பான்கேக் காலை உணவு. பன்னிரண்டு பேர் சாப்பிட உட்கார்ந்தால் பதின்மூன்று யோசனை சொல்வார்கள். ரேடியோவை நடுவில் வை என்பான் ஒருத்தன், நடுவில் வைத்தவன் உருப்பட்டதில்லை என்பான் இன்னொருத்தன். ஓர்லின் எல்லாவற்றையும் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு வருவான்.

ஆர்டித் பொறுமைசாலி. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள், பொறுமை இல்லாமல் முடியுமா? அவளிடமும் பைலட் லைசென்ஸ் இருந்தது. எட்டு வருஷமும் சும்மா வேடிக்கை பார்க்கவில்லை. ஓர்லின் வெளியே நின்று காற்றுச் சுத்தியலால் ரிவெட்டை அடிப்பான். அவள் உள்ளே படுத்துக்கொண்டு அந்தப் பக்கம் இரும்புக் கட்டியை அண்டக் கொடுத்துப் பிடிப்பாள். வால் பகுதிக்குள் அவன் நுழைய முடியாது, ஆறடி மூன்றங்குல உடம்பு. அவள் ஐந்தடிதான் என்பதால் உள்ளே ஊர்ந்து போய்ப் படுப்பாள். அடிக்காத ஓட்டைகள் வழியாகத் துளித்துளியாக வெளிச்சம் வரும். அங்கே படுத்தபடியே ஆயிரம் தடவையாவது நினைத்திருக்கிறாள், இது என்றைக்காவது பறக்கும், நான் உட்கார்ந்து பறப்பேன் என்று.

அந்த நினைப்புக்குப் போன அக்டோபரில் ஒரு அடி விழுந்தது. கிளப்பில் லாவோன் என்கிற தோழி. அவள் கணவன் போய்ச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவன் கட்டிய விமானத்தை விற்க வேண்டும், கூட வந்து இரு என்று லாவோன் கூப்பிட்டாள். ஆர்டித் போனாள். சிவப்பு விமானம், தங்கமாகச் செய்திருந்தான். மூடியைத் தூக்கினால் பேனல் இல்லை. பதினோரு வருஷம் கட்டியும், அது ஒரு தடவைகூடத் தரையை விட்டு எழும்பவில்லை. வாங்க வந்தவர்கள் இறக்கைகளைக் கழற்றி டிரெய்லரில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். லாவோன் அழவில்லை, ஆர்டித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து ஓர்லினிடம் நேரடியாகவே சொல்லிவிட்டாள், உன்னுடையதை நான் டிரெய்லரில் ஏற்ற மாட்டேன், அடுத்த கோடையில் இது பறக்க வேண்டும் என்று. அவனும் சத்தியம் செய்தான். மார்ச்சில் ஒரு தாளை அச்சடித்து வந்து, இதுதான் முடிவு, இனி ஒரு கோடுகூட மாற்ற மாட்டேன் என்று சொல்லிக் கழிவறைக் கதவில் அவன் கையாலேயே ஒட்டினான். ஆர்டித் நம்பினாள். தினமும் காலையில் அதன் எதிரே உட்கார்ந்து, பஸ்ஸை எடுக்கும் முன் எல்லாவற்றையும் சரிபார்த்த காலத்துப் பழக்கத்தில், ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அச்சு மை மங்குகிற அளவுக்குத் தொட்டாள்.

மே மாதம் முதல் சனிக்கிழமை மீன்பிடி காலம் திறக்கிறது. அன்றைக்கு வடக்கே ஏரியில் படகு இறக்காதவனை இந்தப் பக்கத்தில் ஆண்பிள்ளையாகவே மதிக்க மாட்டார்கள். ஓர்லின் தன் தம்பியோடு மூன்று நாள் கிளம்பினான். போகும்போது வண்டி ஜன்னல் வழியாக, ஜூலைக் கூட்டத்தில் ஏதோ புதுத் திரை வரப்போகிறதாம், அதைப் பார்த்துவிட்டுத் தகட்டை வெட்டினால் என்ன என்று போகிற போக்கில் சொன்னான்.  வண்டி திருப்பத்தில் மறைகிற வரைக்கும் ஆர்டித் வாசலில் நின்றாள். அவளுக்குச் சிவப்பு விமானம் டிரெய்லரில் போனது கண்முன்னே வந்தது. உள்ளே போனாள், கழிவறைக் கதவிலிருந்த தாளை மெதுவாக, மூலை கிழியாமல் உரித்தாள்.

கொட்டகையில் ஒட்டியிருந்த தாள்களை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதிலெல்லாம் பென்சில் கிறுக்கல், அடித்தல், திருத்தல். சுத்தமாக இருப்பது கதவுத் தாள்தான், முடிவு என்று அவனே சொன்னதும் அதுதான். தகட்டைக் கழற்றி ஒட்டுப்பலகை மேல் வைத்து, தாளை அதன் மேல் பசை தடவி ஒட்டினாள். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஆணி வைத்து ஒரு தட்டு. துளைபோடும் மெஷினில் வட்டம் வெட்டும் கத்தியை மாட்டி, வேகத்தைக் குறைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். கைப்பிடியை இறக்குவதற்கு முன்னால் கோட்டை இன்னொரு தடவை பார்த்தாள். தாளில் போட்ட கோட்டை அழிக்கலாம், தகட்டில் போட்ட ஓட்டையை அழிக்க முடியாது. பிறகு இறக்கினாள். அலுமினியம் கிறீச்சிட்டுச் சுருள் சுருளாக வந்து, பத்து நிமிஷத்தில் ஒரு வட்டம் டக்கென்று கழன்று விழுந்தது. அவளுக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. தனியாக நின்றபடி சிரித்தாள். மூன்று நாளில் ஆறு பெரிய வட்டம், ஐந்து சின்ன வட்டம், நடுவில் ரேடியோவுக்கு நீளவாக்கில் ஒரு கட்டம், கீழே சுவிட்சுகளுக்குப் பொடி ஓட்டைகள். எல்லா விளிம்பையும் அரத்தால் ராவி வழவழப்பாக்கி, சாம்பல் நிறப் பெயின்ட்டும் அடித்துவிட்டாள்.

ஓர்லின் திங்கட்கிழமை மத்தியானம் ஒரு பெட்டி மீனோடு வந்தான். அவள் காபி ஊற்றி வைத்தாள். கோப்பைக்கு அடியில் பளபளவென்று ஒரு வட்டத் தகடு. அவன் ஏரியில் பிடித்ததையும் தப்பியதையும் சொல்லிக்கொண்டே வந்தவன், கோப்பையை எடுத்ததும் நிறுத்தினான். தகட்டைக் கையில் எடுத்தான். நடுவில் ஒரு சின்னத் துளை. வேறு யாராக இருந்தாலும் கோப்பை வைக்கிற தட்டு என்றுதான் நினைத்திருப்பார்கள். விமானம் கட்டுகிறவனுக்கு அது என்னவென்று கண்ணாலேயே தெரியும்.

"மூணே அரைக்கால் இஞ்ச்," என்றான்.

"ஆமா. அந்த மாதிரி ஆறு இருக்கு," என்றாள் ஆர்டித்.

அவன் காபியை அப்படியே வைத்துவிட்டுக் கொட்டகைக்கு நடந்தான், ஓடவில்லை. அவள் பின்னாலேயே போனாள், பாராட்டு வாங்கத்தான். அவன் தகட்டின் முன் நின்றான், தலையைச் சாய்த்தான், அவள் உரித்து எடுத்து வைத்திருந்த தாளைப் புரட்டி அதன் மூலையிலிருந்த நம்பரைப் பார்த்தான். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"ஆர்டித், இது பன்னெண்டு."

"பன்னெண்டுன்னா?"

"பன்னெண்டாவது. இப்ப பதினேழு. பதினேழுல வட்டமே கிடையாது. ரெண்டு பெரிய சதுரம், ரெண்டு திரை, அவ்வளவுதான்."

 அவளுக்குக் கோபம் வந்தது, நல்ல கோபம். அப்படியானால் பன்னிரண்டு எதற்குக் கதவில் இருந்தது என்று கேட்டாள். முடிவு என்று ஒட்டியது யார் என்று கேட்டாள். இரண்டு மாதமாக அங்கே போய் உட்காருகிறவன் கண்ணில் அது படவே இல்லையா என்று கேட்டாள். ஓர்லின் தலையைச் சொறிந்துகொண்டு, அங்கே நான் பேப்பர் படிப்பேன் என்றான். மாற்ற மறந்துபோச்சு என்றான். சரி விடு, வேறு தகடு வாங்கிக்கொள்ளலாம், ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று போனை எடுத்தான். அவன் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வருத்தம் வந்திருக்காது. அவன் முகத்தில் இருந்தது நிம்மதி. புதுத் தகடு வந்தால் மறுபடி வரையலாம். பதினெட்டு, பத்தொன்பது என்று போகும், கோடையும் போய்விடும். அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் டெல்மர் வந்து சேர்ந்தார். எண்பத்தொரு வயது, கிளப்பின் ஆலோசகர். தனக்கென்று நான்கு விமானம் கட்டி நான்கையும் பறக்க விட்டவர். இப்போது இடுப்பு வலியோடு வீடு வீடாகப் போய், கட்டுகிறவர்களின் வேலையைப் பார்த்துக் குறை சொல்லிவிட்டு வருவதுதான் அவர் பொழுதுபோக்கு. மீன் வாசனையில் வந்தேன் என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தவர், தகட்டைப் பார்த்தார், இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார், நடந்ததைக் கேட்டார். கேட்டு முடித்ததும் சிரித்த சிரிப்பில் தடியை ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

ஓர்லின் பதினேழாம் தாளைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டி, நீங்களே நியாயம் சொல்லுங்கள் என்றான். டெல்மர் அதை வாங்கவே இல்லை. வட்டக் கருவிகள் உன்னிடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறதாவாவது! ஐந்தாம் தாள் காலத்திலிருந்து வாங்கிச் சேர்த்தது கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாகக் கிடந்தது. எடுத்து வாருங்கள் என்றார். தகட்டை விமானத்தில் மாட்டி, ஒவ்வொரு கருவியையும் அதனதன் ஓட்டையில் ஒற்றைத் திருகு போட்டு நிறுத்தினார்கள். பதினொன்றும் உட்கார்ந்தன. ஆர்டித்தின் வெட்டில் நூலிழை பிசகில்லை. டெல்மர் தலையை ஆட்டினார். அவரிடமிருந்து அது பெரிய மெடல்.

"ஓர்லின், உக்காரு," என்றார். அவன் இடது பக்க இருக்கையில் உட்கார்ந்ததும் தன் விதைக் கம்பெனித் தொப்பியைக் கழற்றி அவன் கண்ணை மறைக்கிற மாதிரி இழுத்துவிட்டார். பறக்கக் கற்றுக்கொள்கிற எல்லோருக்கும் தெரிந்த பரீட்சைதான். கண்ணை மூடிக்கொண்டு, சொல்லச் சொல்லக் கையால் தொட வேண்டும்.

"எண்ணெய் அழுத்தம்."

ஓர்லினின் விரல் வலது பக்கம் போய் வெறும் தகட்டைக் குத்தியது. அது பதினாலுல இருந்த இடம் என்று அவனே முனகினான்.

"பெட்ரோல் பம்ப் சுவிட்ச்."

அது ஒன்பதாம் தாளில் இருந்த இடத்துக்குப் போனது. உயரமானி கேட்டால் வேகமானியைத் தொட்டான். ரேடியோ கேட்டால் கை காற்றில் நின்று யோசித்தது. பத்து கேட்டதில் இரண்டு சரி, அதில் ஒன்று தடுமாறி விழுந்தது. வருஷக்கணக்காக அந்தப் பேனலைத் தவிர வேறு எதையும் யோசிக்காதவன் அவன்! பாவமாகத்தான் இருந்தது.

பிறகு ஆர்டித் ஏறினாள். முதுகுக்குப் பின்னால் மெத்தை வைத்துக்கொண்டு, தொப்பியைத் தானே இழுத்து விட்டுக்கொண்டாள். டெல்மர் கேட்டார், அவள் தொட்டாள். கேட்டார், தொட்டாள். வேகத்தைக் கூட்டினார், அவளும் கூட்டினாள். கேள்வி முடிவதற்குள் விரல் போய் நின்றது. இருபத்தாறு கேட்டு இருபத்தாறும் சரி. இருபத்தேழாவதாக ஒன்றும் பாக்கி இல்லாததால் டெல்மர் நிறுத்தினார்.

"ஓர்லின், உன் கைக்குப் பதினேழு விமானம் தெரியும்," என்றார். "அவ கைக்கு ஒண்ணுதான் தெரியும். நானா இருந்தா அவ ஓட்டற விமானத்துலதான் ஏறுவேன்."

சொல்லிவிட்டு, இரண்டு மீனைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கொட்டகையில் இவர்கள் இரண்டு பேர்தான். ஆர்டித் இடது பக்க இருக்கையை விட்டு இறங்கவில்லை. ஓர்லின் சுற்றி வந்து, இறக்கை மேல் கால் வைத்து, முனகிக்கொண்டே வலது பக்கம் ஏறி உட்கார்ந்தான். போனைச் சட்டைப் பையில் போட்டான். அந்தப் பதினொரு கருவியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். 

"பேனல் முடிஞ்சுட்டா வேற வேலை இல்ல, ஆர்டித்," என்றான். "ஏறிப் பறக்கணும்."

"அதுக்குத்தானே கட்டினோம்."

"எல்லா ரிவெட்டும் நான் அடிச்சது. தூக்கம் வராதப்ப ஒவ்வொண்ணா நெனச்சுப் பாப்பேன். அதுல ஒண்ணு சரியில்லன்னா? நீ உள்ள இருக்கறப்ப?" 

ஆர்டித்துக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. திரையும் இல்லை, ஜூலையும் இல்லை, கிளப்பின் பதின்மூன்று யோசனையும் இல்லை. இந்தப் பெரிய உடம்புக்காரன் பயந்துபோய் இருந்திருக்கிறான், இத்தனை நாளும் தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"நீ அடிச்ச ஒவ்வொரு ரிவெட்டுக்கும் அந்தப் பக்கம் யாரு இருந்தா?" என்று கேட்டாள்.

"நீதான்."

"கோணலாப் போனதயெல்லாம் பிடுங்கிட்டு மறுபடி அடின்னு சொன்னது யாரு?"

"நீதான். வால்ல ஒரே நாள்ல நாப்பது பிடுங்க வெச்ச."

"அப்ப பாதி ரிவெட் என்னோடது. என் பாதி நல்லா இருக்கு. உன் பாதியயும் நான் பாத்தாச்சு."

ஓர்லின் அவளைப் பார்த்தான். பிறகு கையை நீட்டி, எண்ணெய் அழுத்தம் காட்டும் கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டான். சரியாகத் தொட்டான். மறுபடி தொட்டான். அன்றைக்குச் சாயங்காலம் மீனை வறுத்துச் சாப்பிட்டுவிட்டு, பதினேழு தாளில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் அவனே கிழித்து அடுப்பில் போட்டான்.

அதற்குப் பிறகு வந்த ஆறு வாரத்தைப் போல ஒரு காலம் அவர்களுக்கு அந்த எட்டு வருஷத்தில் வரவில்லை. காலையில் காபியைக் குடித்தவுடன் கொட்டகைக்கு ஓடுவார்கள். பேனலுக்குப் பின்னால் கம்பி இழுக்க ஒரே வழிதான், இருக்கையில் கால் மேலே, தலை கீழே பெடலுக்குப் பக்கத்தில் என்று தலைகீழாகத் தொங்க வேண்டும். அந்த நிலையில் ஓர்லினின் சட்டைப் பையிலிருந்து திருகுகள் மழையாகக் கொட்டும். அவள் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுப்பாள், திட்டவும் திட்டுவாள். கம்பிகளை மெழுகு நூலால் கட்டுவது அவள் வேலை. ஒவ்வொரு முனையிலும் பெயர் எழுதி, வரிசை பிசகாமல், பேனலுக்குப் பின்னால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்காமல் கட்டினாள். ஒரு நாள் ஓர்லின் எரிபொருள் காட்டும் முள்ளைத் தலைகீழாக மாட்டிவிட்டான். தொட்டி காலி என்றால் நிரம்பியிருக்கிறது என்று காட்டியது. நம்ம வங்கிக் கணக்கு மட்டும் இப்படிக் காட்டக் கூடாதா என்றாள் ஆர்டித். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜூன் பத்தொன்பதாம் தேதி முதல் தடவையாக மின்சாரம் கொடுத்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது, முட்கள் துள்ளி எழுந்து அதனதன் இடத்தில் நின்றன. புகை வரவில்லை. ஓர்லின் இருக்கையில் உட்கார்ந்தபடி உதட்டைக் குவித்து என்ஜின் சத்தம் போட்டான். விமானம் கட்டுகிற எல்லோரும் போடுவதுதான், வெளியே சொல்ல மாட்டார்கள்.

மாதக் கடைசியில் சோதனை அதிகாரி வந்தார். நான்கு மணி நேரம் பார்த்தார், பேனலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் நின்றார். இந்த நூல் கட்டு யார் செய்தது என்று கேட்டுவிட்டு, காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். சட்டம் ஒன்றையும் நினைவுபடுத்தினார். முதல் நாற்பது மணி நேரமும் ஓட்டுகிறவர் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம், கூட யாரும் ஏறக் கூடாது.

முதலில் யார் என்பதில் பேச்சே வரவில்லை. ஜூலை ஒன்பதாம் தேதி காலை, காற்றில்லாத நேரம், புல்லில் ஈரம் காய்ந்தவுடன் ஆர்டித் ஏறினாள். ஓர்லின் அவள் பெல்ட்டை இறுக்கினான், மறுபடி இறுக்கினான், மூச்சு விட வேண்டாமா என்று அவள் கேட்ட பிறகுதான் விட்டான். டெல்மர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஓர்லின் கையில் சின்ன ரேடியோ, ஒரு நோட்டுப் புத்தகம். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

என்ஜின் முழு மூச்சில் உறுமியது. புல் தடதடவென்று அடித்தது, பிறகு அடிப்பது நின்றது. அவ்வளவுதான். அவள் மேலே இருந்தாள். எட்டு வருஷம் அவள் உள்ளே படுத்துக்கிடந்த அந்த வால் இப்போது அவளுக்குப் பின்னால் காற்றில் வந்துகொண்டிருந்தது. அவள் வாய்விட்டுக் கத்தினாள். ரேடியோ பொத்தானை அழுத்தாமல் கத்தினதால் கீழே யாருக்கும் கேட்கவில்லை. பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு எண்களைச் சொன்னாள். இரண்டாயிரம் அடி. எண்ணெய் அழுத்தம் எழுபது. வேகம் நூற்றுப் பத்து. ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி இருபத்தைந்து நிமிஷம், இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒழுங்காகச் சொன்னாள். கீழே ஓர்லின் ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லி எழுதிக்கொண்டான். எழுத எழுத அவன் குரல் மனுஷக் குரலாக மாறியது. இறங்கும்போது இரண்டு தடவை துள்ளிவிட்டு மூன்றாவதாக ஒட்டிக்கொண்டாள். துள்ளியதை டெல்மர் எண்ணிச் சொன்னார்.

அவள் இறங்கி வந்ததும் ஓர்லின் அப்படியே கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டான். அவன் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிறகு, இன்றைக்கு இது போதும், நான் நாளைக்குப் போகிறேன், இல்லாவிட்டால் சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இழுத்தான். ஆர்டித் அவன் கையிலிருந்த ரேடியோவையும் நோட்டையும் வாங்கிக்கொண்டாள்.

"ஏறு, ஓர்லின்."

அவன் வானத்தைப் பார்த்தான், விமானத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஏறினான். மூடியைச் சாத்துவதற்கு முன்னால் அவன் விரல் ஒவ்வொரு கருவியாகத் தொட்டுக்கொண்டு போனதை அவள் பார்த்தாள். மஞ்சள் விமானம் ஓடி, புல்லை விட்டு எழும்பி, பக்கத்து வீட்டுச் சோளக் கொல்லைக்கு மேலே சாய்ந்து திரும்பியது.  ஆர்டித் நோட்டைத் திறந்து பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு நிமிஷம் ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. நான்கு நிமிஷம். என்ஜின் சத்தம் நன்றாகத்தான் கேட்டது. விமானம் மேலே போய்க்கொண்டே இருந்தது. அவள் பொத்தானை அழுத்தி உயரம் எவ்வளவு என்று கேட்டாள். பதில் இல்லை. எண்ணெய் அழுத்தம் எவ்வளவு என்று கேட்டாள். அதற்கும் இல்லை. டெல்மர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஆர்டித் பஸ் காலத்துக் குரலை எடுத்து, ஓர்லின், பேனல்ல என்ன காட்டுதுன்னு சொல்லு என்றாள்.

ரேடியோ கரகரத்தது.

"தெரியல, ஆர்டித்," என்றான். "நான் வெளிய பாத்துக்கிட்டிருக்கேன்."

அவள் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணுக்குக் கையை மறைப்பாகப் பிடித்தபடி, அவன் போகிற திக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.